லேபிள் போன இடத்தில்

ஒரு வீட்டில், பிரிட்ஜ் வாங்கும்போதே கதவில் ஒட்டியிருந்த நட்சத்திர லேபிளை ஏழு வருஷம் கழித்துக் கிழித்தெடுத்தார்கள். காகிதம் குப்பைக்குப் போய்விட்டது. லேபிள் திரும்பி வரும்வரை இடத்தை விட மாட்டேன் என்று பசை மட்டும் உட்கார்ந்துவிட்டது. கத்தி வந்து மிரட்டியது. கம்பி நார் பிறாண்டிப் பார்த்தது. பசை அசையவில்லை.

பிறகு தேங்காயெண்ணெய் வந்து பக்கத்தில் சாய்ந்துகொண்டது.

"உங்க லேபிள் எப்படிண்ணே இருப்பாரு?"

அதுவரை பசையிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ராஜா மாதிரி இருப்பாரு தம்பி! உடம்பெல்லாம் நட்சத்திரம்..."

அரை மணி நேரம் எண்ணெய் உம் கொட்டிக்கொண்டே இருந்தது.

"எத்தனை நட்சத்திரம்ண்ணே?"

"நாலு... இல்ல, அஞ்சு. இரு, யோசிச்சுச் சொல்றேன்."

பசை யோசித்துக்கொண்டிருக்கும்போதே துணி வந்து ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டு போனது. பதில் கிடைக்காத எண்ணெய் கொஞ்ச நேரம் அங்கேயே மினுமினுத்துக்கொண்டிருந்தது.