விரிசல் விடாத கண்ணாடி

"எம்புட்டுச் சூட்டுக்கும் விரியாத கண்ணாடி செய்ய உலகத்துல ஒரே ஒரு மூளைதான் இருக்கு. அது இப்போதைக்கு மதுரையில இருக்கு" என்றான் சூர்யபிரகாஷ், கொஞ்சமும் சிரிக்காமல்.

வெப்பக் கேமராவின் ஜன்னலுக்காகக் கல்லூரி ஆய்வகத்தில் அவன் வார்த்த இரண்டு கண்ணாடிகளும் விரிசலில்லாமல் ஆறியிருந்தன. இந்த மாதத்துக்குள் மூன்றாவதும் தேறினால் புராஜெக்ட் நீளும். தேறாவிட்டால் சொந்த ஊரான எழுமலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆனால் அவன் இல்லாத நேரத்தில் யாரோ உள்ளே வந்துபோகிறார்கள். ஃபார்முலாவைத் திருடத்தான்! பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கையும் களவுமாகப் பிடித்தான். ஜூனியர் பாண்டிமீனா, கண்ணாடியை ஆறவைக்கும் உலை மேல் தூக்குவாளியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கருவாட்டுக் குழம்புண்ணே. ஆறாம இருக்கட்டும்னு..."

"இது ஆராய்ச்சிக்கூடமா, அடுப்பங்கரையா? இனிமே உலை மேல ஒரு கரண்டி இருந்தாலும் தொலைச்சிருவேன்!"

வாளி போனது. அடுத்த கண்ணாடி ஆறும்போது டப்பென்று விரிந்தது. அதற்கடுத்ததும்.

பழிவாங்குகிறாளோ?

"மீனா, உலையில கை வச்சியா?"

"அந்தப் பக்கமே போகலண்ணே. நீங்கதான வையாதன்னீங்க?"

சந்தேகம் தீராமல் ஸ்டூலில் ஏறிப் பார்த்தான். வாளி இருந்த இடத்தில், சூடு வெளியேறும் ஓட்டை திறந்து கிடந்தது. இத்தனை நாளும் அதை அடைத்துக் கண்ணாடியை மெதுவாக ஆறவிட்டது அந்த வாளிதான்.

மறுநாள் கண்ணாடி முழுசாக வந்தது. மீனா குழம்பு வாசனையை மோந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். உலை மேல் புதுத் தூக்குவாளி.

"என்னண்ணே, நீங்களுமா?"

"மொதல்ல கதவச் சாத்து" என்றான் அவன், தணிந்த குரலில். "ஃபார்முலா வெளிய போகுது."