குடையும் கூஜாவும்

ஒரு சந்தில் இரண்டு மதில் சுவர்கள் எதிரெதிரே நின்றன. பழைய சுவரில் எப்போதோ வரைந்த குடைச் சின்னம் மங்கிக் கிடந்தது. புதுச் சுவரும் போன தேர்தலில் குடையைத்தான் சுமந்தது. இந்தத் தேர்தலில் கூஜாக் கட்சிக்காரர்கள் காசு கொடுத்ததும் கூஜாவுக்கு மாறிவிட்டது.

வெயிலில் அது பளபளத்ததைப் பார்க்கப் பார்க்கப் பழைய சுவருக்கு வயிறு எரிந்தது.

"வெட்கமா இல்லையா உனக்கு? நேத்து குடை, இன்னைக்குக் கூஜா!"

"புதுப் பூச்சு, புது பெயிண்ட். வீட்டுக்காரருக்கும் கை நிறைய வாடகை. உங்களுக்கு என்னண்ணே கஷ்டம்?"

"எனக்குக் கொள்கை இருக்குடா. கோடி கொடுத்தாலும் குடைதான்."

அப்போது கூஜா வரைந்த பெயிண்டர் வாளியோடு பழைய சுவரிடம் வந்தார். சுவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. 'ஒரே கோட் போதும், குடை தெரியாது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது.

பெயிண்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுல பெயிண்ட் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழைய சுவர் எதிர்ச் சுவரைப் பார்த்து, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தியது:

"பார்த்தியாடா? திருப்பி அனுப்பிட்டேன்!"