நீக்கிய சொல்

டாக்டர்கள் நோயாளிகளோடு பேசுவதை நிறுத்தி எட்டு வருடமாகிறது. நோயின் பெயரை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். மற்றதை நலச்செய்திக் கவுன்டரில் மரகதவல்லிதான் கணினியில், அந்த நோய் பற்றி வந்த செய்திகளைத் தேடிக் காட்ட வேண்டும். நோய், வயது, கடைசி ஐந்து வருடம் என்று வரிசையாகப் போட்டால் கோடிச் செய்திகள் சில ஆயிரமாகச் சுருங்கும். கடைசியில், யாரும் கேட்காமலே, ‘மரணம்’ என்ற சொல் உள்ள செய்திகளையெல்லாம் நீக்கிவிடுவாள். மிச்சத்தைப் படித்தவர்கள் தெம்பாக வீட்டுக்குப் போனார்கள்.

இன்று முப்பத்தாறாம் டோக்கனோடு வந்து நின்றது அவள் புருஷன் தவசி. சீட்டைப் பார்த்து எப்போதும்போலத் தட்டினாள். ஒரு செய்தியும் வரவில்லை. நீக்கிய சொல்லைத் திரும்பச் சேர்த்தாள். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. மறுபடியும் நீக்கிவிட்டு, வெறும் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“என்ன புள்ள, ஒண்ணையும் காணோம்?”

அவள் சீட்டை மடித்து அவனிடமே நீட்டினாள்.

“நியூஸ்ல போடுற அளவுக்குப் பெரிய சீக்கு இல்லபோல,” என்று சிரித்தான் தவசி. “மத்தியானம் சோத்துக்கு வந்துருவேல்ல?”

“வந்துர்றேன். நீங்க போங்க.”

பிறகு முப்பத்தேழைக் கூப்பிட்டாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.