தெருவண்டி ஈரல்

"என்னப்பா சாப்பிட்டே? மறைக்காமச் சொல்லு," என்றார் டாக்டர் மாகித்.

எகிப்தின் தன்தா நகர மருத்துவமனைக் கட்டிலில் சுருண்டு கிடந்த நாதிர், அருகில் நின்ற வருங்கால மாமியார் கரீமாவைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

"தெருவண்டியில ஈரல் ரொட்டி, டாக்டர்."

"அடப்பாவி! புறாவுக்குள்ள அரிசி அடைச்சு, மத்தியானம் அஞ்சு புறா ஊட்டினேனே! அதுக்கு மேலயும் தெருவுல போய் நின்னியா?" என்று கத்தினாள் கரீமா.

டாக்டர் நிமிர்ந்தார். "அரிசி எப்ப வேக வச்சதும்மா?"

"முந்தின நாள். அடுப்பு மேலயே மூடி வச்சுக் காலையில கொதிக்கக் கொதிக்கச் சுட வச்சேன். எந்தக் கிருமி பிழைக்கும்?"

"கிருமி செத்துடும்மா. அது கக்கி வச்ச நஞ்சு சூட்டுக்குச் சாகாது. குடலோட உள்தோலைப் புண்ணாக்கி வீங்க வச்சிடும்."

கரீமாவின் முகம் வெளுத்தது.

நாதிர் பதறினான். "சத்தியமா ஈரல்தான் டாக்டர்! அத்தை சமையல் தேன்!"

"கேட்டீங்களா? எம் புருஷனும் அதையேதான் சாப்பிட்டார். காபிக்கடையில ஜோரா பகடை உருட்டிக்கிட்டிருக்கார்!" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த புறாக்களைச் சுட வைத்து எடுத்துவரக் கிளம்பினாள் கரீமா.

"அவ போயிட்டாளா?" என்றது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

டாக்டர் திரையை விலக்கினார். பக்கத்துக் கட்டிலில், கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, கரீமாவின் கணவர் ஹம்தி படுத்திருந்தார்.

"நல்ல பிள்ளை நீ, மாப்ளே," என்றார் கண் கலங்க. "என் பொண்ணு மனசையும் இப்படித்தான் நோகாமப் பாத்துப்பே. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். என் பொண்ணு சமையல் கத்துக்கிட்டது அவ அம்மாகிட்டதான்."