கை கொடுக்காதவள்

"எழுந்திருக்க முடியலடி... கொஞ்சம் கை குடேன்."

கட்டிலில் கிடந்தபடி கெஞ்சினார் அவர். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து, போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மனைவி பக்கத்திலேயே நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி.

"கையெல்லாம் கிடையாது. தலையணையை நெஞ்சோட அணைச்சுக்குங்க. ஒருக்களிச்சுப் படுங்க. காலைக் கீழே தொங்க விட்டு, அப்படியே எழுந்திருங்க. வரும்."

"வரலையே!"

அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழணும்னா அழுதுடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும்னு டாக்டரே சொன்னாரே. அழுதுட்டு எழுந்திருங்க."

அறை வாசலில் நின்ற அவருடைய அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று முந்தாநாள்தான் வந்திறங்கியிருந்தாள்.

"ஏம்மா, ஒரு கை குடுத்தா கை என்ன தேஞ்சா போயிடும்?"

"நெஞ்செலும்பை அறுத்து, கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க அண்ணி. அது கூடுற வரைக்கும் கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாதாம்."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. மனுஷனுக்கு மனுஷன் கை குடுக்காம வேற யாரு குடுப்பா?"

அவர் முக்கி முனகிப் புரண்டு, ஒருவழியாகத் தானே எழுந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா, வந்துடுச்சு!" என்றாள் மனைவி. அவர் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போனில் தன் தங்கையிடம் பொரிந்து தள்ளினாள்.

"சரியான கல்நெஞ்சுக்காரிடி! நம்ம தம்பிக்கு நெஞ்சைத் திறந்து பாத்தாங்க. இவளுக்குத் திறந்தா கருங்கல்லுதான் இருக்கும். அவன் ஒரு குடம் தண்ணியைத் தூக்கினாக்கூட, கூடாதுன்னு பிடுங்கிக்கிறா. ஆனா தினமும் தெருமுனை வரைக்கும் நடந்தே ஆகணும்னு விரட்டுறா. என்ன கணக்கோ!"

ரகசியம் பேசுகிற குரலா அது! நாலு வீட்டுக்குக் கேட்கும். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தொடர்ந்தது.

மறுநாள் மத்தியானம், மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி. அவர் எழுந்திருக்கணும்னா தலையணையை மட்டும் எடுத்துக் குடுங்க. கை வேண்டாம்."

"தெரியும், தெரியும். நீ போய்ட்டு வா."

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா... அவ போயிட்டாளா? ஒரே ஒரு தடவை கை குடேன்க்கா."

கேட்டது தம்பி. அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் நடை பழகியதே இவள் விரலைப் பிடித்துத்தான். அப்படிப்பட்டவன் கை கேட்டுக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

"இதுக்குப் போய் கெஞ்சணுமாடா, ராஜா!"

இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பு. எழுந்து உட்கார்ந்துவிட்டார். சிரிக்கக்கூடச் செய்தார். "ஒரு நிமிஷ வேலை. இதுக்குத்தான் அவ அந்தப் பாடு படுத்துறா" என்றாள் அக்கா.

அப்புறம் அவர் இருமினார்.

நெஞ்சுக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். அக்காவின் காதுக்கே கேட்டது.

"அக்கா... உள்ளே என்னமோ நகருதுக்கா."

மனைவி திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. தலையணை கட்டிலின் கால்மாட்டில், வைத்தது வைத்தபடி இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தலையணையை எடுத்து அவர் நெஞ்சோடு அணைத்துக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டாக்டரின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"கட்டின கம்பி விட்டுப்போச்சு. எலும்பு பிரிஞ்சிருக்கு. மறுபடி திறந்துதான் கட்டணும். பட்ட வலியெல்லாம் அந்த மனுஷன் முதல்லேருந்து படணும். வீட்டுக்கு அனுப்பும்போது படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு கை குடுத்து இழுத்தது?"

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"நான்தான் டாக்டர்" என்றாள் மனைவி.

"அறிவு வேண்டாமாம்மா? பாசத்தாலேயே ஆளைக் கொன்னுடுவீங்க போலிருக்கே!"

தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். டாக்டர் உள்ளே போனதும் அக்கா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? நான் செஞ்ச பாவத்துக்கு நீ ஏன்..."

"எனக்குத்தான் ஏற்கெனவே கல்நெஞ்சுக்காரின்னு பேரு இருக்கே அண்ணி. அதோட இதுவும் இருந்துட்டுப் போகட்டும்."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "பாவி, எம்பிள்ளை மாதிரி வளர்த்தவனை நானே... இந்தக் கையை வெட்டிப் போடணும்."

"நீங்க ஆசையாத்தானே குடுத்தீங்க? எனக்கு மட்டும் ஆசை இல்லையா அண்ணி? அவர் கேக்கும்போதெல்லாம் என் கை தானா நீண்டுடுமோன்னு பயந்துதான் பின்னால கட்டிக்குவேன்."

அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறோம். பாக்கறவங்க வந்து பாத்துக்குங்க."

அக்கா எழ முயன்றாள். கால் ரெண்டும் துவண்டு மறுபடி பெஞ்சிலேயே விழுந்தாள்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் முன்னால் கையை நீட்டினாள்.

"எழுந்திருங்க அண்ணி. உங்களுக்குக் கை குடுக்கலாம்."