உறைக்கு எண்ணெய் ஆகாது

ஒரு காட்டில் கரடி இன்ஸ்பெக்டராக இருந்ததாம். அதன் இடுப்பில் ஒரு தோல் பெல்ட், பெல்ட்டில் ஒரு துப்பாக்கி உறை. வெள்ளிக்கிழமைதோறும் கரடி விளக்கெண்ணெய் எடுத்துவரும். பெல்ட் சுகமாக நெளிந்து பூசிக்கொள்ளும். உறையோ ஒரு சொட்டைக்கூட உள்ளே விடாது.

“அண்ணே, கொஞ்சம் பூசிக்கோங்க. அவசரத்துக்குத் துப்பாக்கி வெளியே வரணும்ல?” என்றது பெல்ட்.

“வரணும்னா ரெண்டு நாள் முன்னாடி மனு கொடுக்கட்டும். விறைப்புதான்டா மரியாதை!” என்றது உறை.

ஒருநாள் நரி ஒன்று ஸ்டேஷன் கோழியையே தூக்கிக்கொண்டு ஓடியது. கரடி துப்பாக்கியை இழுத்தது. வரவில்லை.

“மனு போட்டிருக்கேன் சார், இன்னும் கையெழுத்தாகலை,” என்றது உள்ளேயிருந்து துப்பாக்கி.

கரடி மூச்சைப் பிடித்து இழுத்த இழுப்பில் பெல்ட்டின் கொக்கி தெறித்து, கால்சட்டை கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. நரி சிரித்துச் சிரித்து உருண்ட இடத்திலேயே பிடிபட்டது.

சுடாமலே திருடனைப் பிடித்த உறைக்கு மேலிடத்திலிருந்து பதக்கம் வந்தது. உறை பூரித்துப்போனது. ஆனால் பதக்கத்தைக் குத்தப் போனால், விறைத்த தோலில் ஊசி இறங்க மாட்டேன் என்கிறது. மூன்று ஊசிகள் முறிந்தன.

“சரி, பெல்ட்டுக்கே குத்திடலாம்,” என்றது கரடி.

“தம்பி,” என்று உறை முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தியது, “அந்த எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருக்கா?”