சிலிண்டரின் முள்

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், திண்டுக்கல் மாட்டு டாக்டர் ஸ்தனிஸ்லாசின் ஆஸ்பத்திரித் தகரக் கூரை சடசடவென்று தெறிக்கிறது. மேசைமேல் தொப்புள் பிதுங்கிய கிடாரிக் கன்று மல்லாந்து கிடக்கிறது. அதன் மூக்கையும் வாயையும் ஒரு ரப்பர் மூடி கவ்வியிருக்கிறது. மனுஷ ஆஸ்பத்திரி ஒன்று கழித்துவிட்ட பழைய மயக்க மருந்து மெஷினிலிருந்து குழாய் அதற்குள் போகிறது. ஈதர் வாடையில் கண் எரிய, ரெட்டியார்சத்திரத்து முத்துப்பேச்சி கன்றின் பின்னங்காலைப் பிடித்திருக்கிறாள். டாக்டர் கடைசித் தையலுக்கு நூலை இழுக்கும்போது வெட்டுவாயில் ரத்தம் கறுப்பாக ஊறுகிறது. கன்றின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்குகிறது. அவர் திரும்பி மெஷினில் மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்க்கிறார். அது பூஜ்யத்தில் படுத்திருக்கிறது. வேலை தொடங்குமுன் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு விலாவை இரண்டு கையாலும் அமுக்குகிறார், அமுக்கிக்கொண்டே இருக்கிறார். நெற்றி வேர்வை கன்றின் வெள்ளை வயிற்றில் சொட்டுகிறது. கைக்குக் கீழே நெஞ்சு அடங்கிப்போகிறது.

"போயிருச்சும்மா," என்கிறார்.

முத்துப்பேச்சி பிடித்த காலை இன்னும் விடவில்லை. "நாந்தான் சார் கொன்னுட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடுன்னு அம்புட்டுச் சொன்னீங்க. விடியக்காலம் கத்துச்சுன்னு மனசு கேக்காம தாய்மடியில விட்டுட்டேன். அந்தப் பாலுதான எமனாப் போச்சு?"

ஸ்தனிஸ்லாஸ் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்கிறார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆமாம்மா," என்கிறார். "சொன்னா கேக்கணும்."